பழுக்காத புழு

பாக்கியசாமிக்குப் பட்டுப்புழு வளர்ப்பு பரம்பரைத் தொழில் அல்ல. பீளமேட்டில் அவர் வேலை பார்த்த மில் கதவடைத்து, இனித் திறக்காது என்பது வாசலில் நின்ற வாட்ச்மேனுக்கே தெரிந்துபோன பிறகுதான், கருமத்தம்பட்டிக்குத் தெற்கே மனைவி வழியில் வந்த தோட்டத்துக்குக் குடிவந்தார். அங்கே பருத்தி போட்டார், பூச்சி தின்றது. தக்காளி போட்டார், விலை தின்றது. கடைசியில் அவர் மனைவி இருதயம்மாள்தான், எப்படியும் பூச்சிதான் தின்னப்போகிறது, அதை நாமே வளர்த்தால் என்ன என்று கேட்டாள். பாதி விளையாட்டாகக் கேட்டது. ஆனால் அடுத்த பட்டத்தில் கிணற்றடி நிலம் முழுக்க மல்பெரி குச்சி ஊன்றியாகிவிட்டது.

வேலை அவளுக்குக் கைவந்துவிட்டது. பொழுது கிளம்புவதற்கு முன் தழை அறுத்து ஈரச்சாக்கு போட்டு மூடிவைப்பாள். பொடிப் புழுவுக்கு மிளகாய் அரிவதுபோல அரிந்து தூவுவாள். எறும்பு ஏறாமல் தட்டு அடுக்கிய ஸ்டாண்டின் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர், வாசலில் சுண்ணாம்புத் தூள், கை கால் கழுவாமல் யாரும் புழு வளர்க்கிற கொட்டகையான செட்டுக்குள் வரக்கூடாது என்ற சட்டம், எல்லாம் அவள் வைத்ததுதான். புழு நாலு தடவை தின்பதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கியபடி கிடக்கும். அதைத் தூக்கம் என்பார்கள். நாலாம் தூக்கம் எழுந்தபின் வருவது பெருந்தீனி. அந்த நாட்களில் வீட்டில் ஒழுங்காக உலை ஏறாது. ஒரு குண்டா அரிசியும்பருப்பும் பொங்கி வைத்து, அதையே இரண்டு வேளையும் நின்றபடி தின்றுகொள்வார்கள். தின்று தீர்ந்த புழு மஞ்சள் பூத்துக் கண்ணாடிபோல ஆகிவிடும். புழு பழுத்துப்போச்சு என்று அப்போது சொல்வார்கள். பழுத்த புழுவைப் பொறுக்கிச் சந்திரிகை என்கிற மூங்கில் தட்டியில் விட்டால், அது தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும்.

கூடு எடுக்கிற நாளில் ஊரே வந்து இருதயம்மாளின் கைராசியைப் பேசும். தழை அறுக்க வருகிற பக்கத்துத் தோட்டத்து வள்ளியாத்தாள், "அம்மிணி தொட்டா கல்லுகூடக் கூடு கட்டும்" என்பாள். பாக்கியசாமி சிரித்துக்கொள்வார். வாய்க்கால் மாற்றியதும், எரு அடித்ததும், அந்தத் தழையை வளர்த்ததும் அவர்தான். ஆனால் தழையை யார் பாராட்டுகிறார்கள்? மில்லில் அவரிடம் வேலை பழகிய பையன்கள் மேஸ்திரியானதைப் பார்த்தவர் அவர். மனைவியின் செட்டில் தழை சுமக்கிற ஆளாக இருப்பதில் அவருக்குக் கோபமில்லை. உள்ளுக்குள் ஒரு குறை மட்டும் உட்கார்ந்திருந்தது.

அந்தக் குறைக்கு வழி காட்டியவன் லியோ, அவருடைய அக்காள் மகன். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனச் சத்து விற்கிற கம்பெனியில் அவனுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மாமன் வீட்டில் கறிச்சோறு சாப்பிடுவான். கோழிக்குச் சத்து போட்டால் எடை கூடுகிற மாதிரி புழுவுக்கும் கூடும் என்று சொல்லி, சோயா மாவில் வைட்டமின் கலந்த ஒரு பொடியைக் கொண்டுவந்தான். இருதயம்மாள் முதலில் இரண்டு தட்டுக்கு மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னாள். தழையில் தண்ணீர் தெளித்து, பொடியைத் தூவி, நிழலில் உலர்த்திப் போட்டார்கள். அந்த இரண்டு தட்டுக் கூடும் கைக்குக் கனமாக, அமுக்கினால் உள்ளே போகாமல் கெட்டியாக வந்தது. பட்டு வளர்ச்சி ஆபீசிலிருந்து சுற்றுக்கு வருகிற லட்சுமிநாராயணன் எடுத்துப் பார்த்துவிட்டு, பொடி நல்லதுதான், ஆனால் தழை சத்தாக இருந்தால்தான் பொடி வேலை செய்யும், இந்தத் தழையை வளர்த்தவருக்குத்தான் முதல் மரியாதை என்று பாக்கியசாமியின் தோளில் தட்டினார். அன்றைக்கு அவர் இரண்டு கை சோறு கூடுதலாகத் தின்றார்.

ஆனி கடைசியில் லியோ ஒரு சின்னப் பாட்டில் கொண்டுவந்தான். லேபிள் இல்லை. கம்பெனியில் சோதனைக்கு வந்ததாம். இது சத்து அல்ல, வளர்ச்சி மருந்து. பெருந்தீனியில் ஒரே ஒரு தடவை, மூடியால் ஒரு அளவு தண்ணீரில் கலந்து புழுவின்மேல் தெளித்தால் ஒரு நாள் கூடுதலாகத் தின்னும், அந்த ஒரு நாள் தீனி அத்தனையும் பட்டாக மாறும் என்றான்.

இருதயம்மாள் பாட்டிலைத் தொடவில்லை.

"பொடின்னா தீனிங்க, திங்குது. இது மருந்துன்னு அவனே சொல்றான். நோவில்லாத உசுருக்கு என்னத்துக்குங்க மருந்து?"

பாக்கியசாமி பாட்டிலை வாங்கி அலமாரி மேல் தட்டில் வைத்தார்.

ஆடிக் காற்று அந்த வருடம் சீக்கிரமே இறங்கிவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று, கூரை ஓடுகளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைக்கிற காற்று. செட்டின் ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு கட்டிக்கொண்டிருந்தபோது, ரோட்டோரத்து மளிகைக் கடைக்குப் போன் வந்ததாக ஆள் ஓடிவந்தான். மதுக்கரையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜெனிதாவுக்கு நாள் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. புழு நாலாம் தூக்கம் எழுந்திருந்த நேரம். இருதயம்மாள் சேலையை மாற்றிக்கொண்டே எந்தத் தட்டுக்கு எவ்வளவு தழை, எப்போது படுக்கை மாற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனாள். மதுக்கரை போய்ச் சேருகிறவரைக்கும் அவளுக்குப் பாதி நினைப்பு புழுமேல்தான் இருந்திருக்கும்.

அவள் போன பின் அவர் பாட்டிலை எடுத்தார். லியோ சொன்ன அளவில் கலந்து, பூவாளியால் மெல்லத் தெளித்தார். மறுநாள் புழுக்கள் வெள்ளை வெளேரென்று, ஈரக்களிமண் பிடித்துவைத்ததுபோலத் திரண்டிருந்தன. அவற்றைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆசை அடங்கவில்லை. ஒரு தடவைக்கு இவ்வளவென்றால் இன்னொரு தடவைக்கு எவ்வளவு இருக்கும்? அடுத்த நாளும் தெளித்தார். அதற்கடுத்த நாள் அளவுகூடப் பார்க்கவில்லை, பாட்டிலில் மிச்சமிருந்ததைக் கழுவி ஊற்றினார்.

அன்று மத்தியானம் மறுபடி போன் வந்தது. வலி விட்டுவிட்டு இத்தனை நாள் இழுத்து, பிள்ளை பிறந்து அழவேயில்லை. பெண்பிள்ளை. அவர் பஸ் பிடித்துப்போய், ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை வைக்கிற கல்லறை ஓரத்தில் மருமகனோடு நின்று மண் தள்ளிவிட்டு, புழு பசியாகக் கிடக்கும் என்று அன்றே திரும்பிவிட்டார். இருதயம்மாள் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கியவள் வீட்டுக்குள் போகவில்லை. கட்டின சேலையோடு நேரே செட்டுக்குள் போய், தட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தழையை எடுத்துப் போட ஆரம்பித்தாள். கை காரியத்தில் இருந்தால்தான் அவளுக்கு மூச்சு விடமுடியும்போல இருந்தது. வள்ளியாத்தாள் தழைக்கட்டை இறக்கியபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பழுக்கவேண்டிய நாளில் புழு பழுக்கவில்லை. ஆடிக் குளிருக்கு ஒரு நாள் தள்ளும் என்று இருதயம்மாள் சொன்னாள். ஒரு நாள் தள்ளிற்று. இன்னொன்றும் தள்ளிற்று. புழுக்கள் தின்றுகொண்டே இருந்தன. விரல் தடிமனுக்கு ஊதின. அப்படிப்பட்ட புழுவை யாரும் பார்த்ததில்லை என்று முதலில் ஊர் அதிசயமாக வந்து பார்த்துப் போயிற்று. தோட்டத்தில் தழை தீர்ந்தது. பாக்கியசாமி சைக்கிளை எடுத்துக்கொண்டு மல்பெரி போட்டிருந்த தோட்டம் தோட்டமாகப் போய்க் கேட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு என்று யாரும் இல்லையென்று சொல்லவில்லை. தங்கள் புழுவுக்கு வைத்திருந்ததில் அறுத்துக் கொடுத்தார்கள். அதையும் தின்று தீர்த்துவிட்டுப் புழுக்கள் தலையைத் தூக்கி இன்னும் கேட்டன. சில நூலை வெறுமனே தட்டில் கக்கிவைத்தன. சில நெளியாமல் கறுத்தன.

லட்சுமிநாராயணன் வந்தார். ஒரு புழுவைக் கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவர் முகம் மாறிற்று.

"நோவு ஒண்ணும் இல்லீங்க. புழுவுக்கு உடம்பு வளர்றதுக்கு ஒரு காலம், அத நிறுத்திப்போட்டுக் கூடு கட்றதுக்கு ஒரு காலம். நிறுத்துங்கற சேதி இதுக்குப் போகவே இல்லை. ஏதாச்சும் மருந்து தெளிச்சீங்களாங்க?"

இருதயம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். பாக்கியசாமி அவளைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து சரியாகத் தூங்காத முகம்.

"இல்லீங்க," என்றார்.

பக்கத்துத் தோட்டத்தில் எதாவது அடித்தார்களா, காற்றில் வந்திருக்குமா என்று லட்சுமிநாராயணன் கேட்டுவிட்டு, தெரியலையே என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். சாயந்திரம் குழி வெட்டி, தட்டுத் தட்டாகக் கவிழ்த்து, மேலே சுண்ணாம்பு போட்டு மூடினார்கள். குழிக்குள் அவை இன்னமும் அசைந்துகொண்டிருந்தன. வள்ளியாத்தாள் இருதயம்மாளின் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய், மெதுவாக, சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள். சாவு வீட்டுத் தீட்டோடு, அதுவும் பிள்ளை செத்த தீட்டோடு, குளிக்காமல் புழுவைத் தொடலாமா?

அன்று இருதயம்மாள் செட்டுக்கு வெளியே நின்று சொன்னாள். "இனி நானு உள்ள வரலீங்க. தழை அறுத்துத் தாரேன். தொடறது வேண்டாம்."

அவர் அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. லியோ இரண்டு நாள் கழித்து வந்து, முகமெல்லாம் வேர்க்க, பாட்டில் விஷயம் வெளியே தெரிந்தால் தன் வேலை போய்விடும் மாமா என்று கையைப் பிடித்துக்கொண்டான். அளவு தப்பவில்லையே என்றும் கேட்டான். அளவாகத்தான் தெளித்தேன் என்று அவனிடமும் பொய் சொன்னார். லியோவைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருக்கிறோம் என்பது வசதியான சாக்காகக் கிடைத்தது. கொஞ்ச நாளில் அதை அவரே நம்பினார். அவள் மறந்துவிடுவாள் என்றும் நினைத்தார்.

அவள் மறப்பதற்குப் பதிலாக, அடுத்த புழுவே அவளுக்குச் சாட்சி சொன்னது. புரட்டாசியில் வள்ளியாத்தாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவர் ஒரு செட்டுப் புழு வளர்த்தார். மருந்தில்லை, பொடிகூட இல்லை. வெறும் தழை. புழு நாளுக்கு நாள் சரியாகத் தூங்கி, எழுந்து, தின்று, பழுத்து, கூடு கட்டிற்று. ஊர் அவரைப் பாராட்டியது. இருதயம்மாள் வாசலிலிருந்தே சந்திரிகையில் வெள்ளை வெளேரென்று காய்த்துக் கிடந்ததைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா," என்றாள் அமைதியாக, "நானு தொடாததுக்கு எப்படிக் கட்டியிருக்குது."

அவர் ஒரு கூட்டைப் பிய்த்து வாயால் ஊதிப் பஞ்சைத் துடைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு நின்றார்.

கிறிஸ்துமஸுக்கு ஜெனிதா வந்தாள். இளைத்திருந்தாள், ஆனாலும் தாய்வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, தலைக்குத் தேய்த்துவிடச் சொன்னாள். இருதயம்மாள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். கையில் வெடிப்பு, எண்ணெய் பட்டால் எரிகிறது, வள்ளியாத்தாள் தேய்த்துவிடுவாள் என்றாள். கொள்ளுப் பருப்பு கடைந்தாள், கச்சாயம் சுட்டாள், கறி ஆக்கினாள். எல்லாவற்றையும் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டாள். மகளைத் தொடவில்லை. ஒரு வாரம் தங்க வந்த ஜெனிதா மூன்றாம் நாள் கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது அப்பாவிடம், அம்மாவுக்குத் தன்மேல் என்ன கோபம் என்று கேட்டாள். குழந்தையைக் காப்பாற்றத் தெரியாதவள் என்று நினைக்கிறாளா என்றும் கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை கண்ணு என்று மட்டும் சொன்னார். அதற்குப் பின் மதுக்கரையிலிருந்து போன் வந்தால் இருதயம்மாள் கடைவரை நடந்துபோய், நல்லா இருக்கியா, உடம்பைப் பார்த்துக்கோ என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவாள். மதுக்கரைக்கு அவள் போகவேயில்லை.

ஜெனிதா மறுபடி முழுகாமல் இருக்கிற சேதி வந்தபோது அவள் மாதா படத்தின் முன் நெடுநேரம் முட்டிபோட்டிருந்தாள். பங்குச் சாமியாரிடம் கேட்டால், தீட்டாவது ஒன்றாவது, அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சத்தம் போடுவார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அவரிடம் கேட்கவில்லை. மாதம் நெருங்கியதும் மருமகனே நேரில் வந்து, ஜெனிதா பயப்படுகிறாள், நீங்கள் வந்து கூட இருங்கள் அத்தை என்று கெஞ்சினான். புழு வேலை விடாது என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவன் போன பின் அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் ஐப்பசி மழை விட்டிருந்தது. மல்பெரி வரிசையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தழை அறுத்துக்கொண்டிருந்தார்கள். மண் காலில் அப்பியது. பாக்கியசாமி அரிவாளைக் கீழே போட்டார்.

"ஏம் புள்ள, அவ கூப்புடறா. நீ போ."

"நானு போனா ஆகாதுங்க. போன தடவை போயித்தான அப்படி ஆச்சு. வந்து புழுவத் தொட்டேன், அதும் போச்சு. இந்தக் கையி அந்தப் புள்ளமேல படவேண்டாம்."

அவர் சொன்னார். நின்ற இடத்திலேயே, கோர்வையில்லாமல், பாட்டிலில் ஆரம்பித்து, பூவாளி, மூன்று தடவை, கடைசியில் கழுவி ஊற்றியது எல்லாவற்றையும் சொன்னார். லியோவின் பேரைச் சொல்லும்போது, அவன் ஒரு தடவைக்குமேல் வேண்டாம் என்றுதான் சொன்னான் என்பதையும் சொன்னார். இருதயம்மாள் தழை அறுப்பதை நிறுத்தவில்லை. அரிவாள் மட்டும் மெதுவாகப் போயிற்று.

"அந்த ஆபீசர் கேட்டப்ப நானு உங்க பக்கத்துல தானுங்களே நின்னுட்டு இருந்தேன்?"

"ஆமா."

"இல்லீங்கன்னு சொல்றப்ப என்ற மூஞ்சியப் பாத்தீங்க. கண்ணு கலங்கியிருந்துது. எனக்காக மனசு ஒடையறீங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

அவள் அந்த வரிசையைக் கடைசிவரை அறுத்து, கட்டி, வரப்பில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். அவர் பின்னால் போய்ப் பார்த்தபோது, பையில் இரண்டு சேலை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

மதுக்கரையில் இறங்கி சிமெண்ட் கம்பெனி லைன் வீட்டுக்குப் போனபோது, ஜெனிதாவுக்கு முந்தின நாள் ராத்திரியே, வீட்டிலேயே சுகமாகப் பெண்பிள்ளை பிறந்திருந்தது. சம்பந்தியம்மா காப்பி போட உள்ளே போனார். கட்டிலில் சாய்ந்திருந்த ஜெனிதா அம்மாவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாம்மா?"

இருதயம்மாள் வாசல்படியிலேயே நின்றாள். "புழு வேலை கண்ணு. உட்டுப்போட்டு வர முடியலை."

"ஒரு வருசமா? நானு செத்த புள்ளைய நெனச்சுட்டு இங்க தனியாக் கெடந்தேன். உங்களுக்கு என்னைய விடப் புழுதான் பெருசாப் போச்சு."

இருதயம்மாள் அதையும் வாங்கிக்கொண்டாள். திரும்பிப் புருசனைப் பார்க்கவில்லை, அவர்மேல் பழியைத் தள்ளவும் இல்லை. அந்த முதுகைப் பார்த்தபோதுதான் பாக்கியசாமிக்கு, தான் பேசாமல் இருந்ததில் அழிந்துபோனது ஒரு செட்டுப் புழு மட்டும் அல்ல என்று முழுசாக விளங்கியது. மகள் தன் பிள்ளையைப் புதைத்துவிட்டு அழுத வருடம் முழுக்க அவளுக்குத் தாய் இல்லாமல் செய்தது அவர்தான்.

"அம்மாமேல தப்பில்லை கண்ணு," என்றார். மல்பெரி வரிசையில் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னார். இந்தத் தடவை சொல்வது இன்னும் கடினமாக இருந்தது.

ஜெனிதா கேட்டு முடித்தாள். கட்டிலில் மெதுவாக உடம்பை நகர்த்தி இடம் விட்டாள்.

"இங்க வந்து உக்காரும்மா."

இருதயம்மாள் போய் உட்கார்ந்தாள். மகள் துணியில் சுற்றிய பிள்ளையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். இருதயம்மாளின் கை பிள்ளைமேல் படாமல் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. ஜெனிதா அந்தக் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெஞ்சின்மேல் வைத்து, மேலே தன் கையையும் வைத்துக்கொண்டாள். பிறகு இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள். பாக்கியசாமி வெளியே வந்து, சிமெண்டுத் தூசி படிந்த வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். சம்பந்தியம்மா கொடுத்த காப்பி கையில் ஆறிப்போயிற்று.

பொழுது சாயும்போது இருதயம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"நீங்க கெளம்புங்க. வள்ளியாத்தா ஒருத்தியா என்ன பண்ணுவா. புழு பசியோட கெடக்கும்."

"நீ எப்ப வார?"

"தெரியலீங்க."

குரலில் கோபம் இல்லை. எப்போதும்போல மரியாதையாகத்தான் சொன்னாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று அவர் நின்றார். உள்ளே பிள்ளை சிணுங்கியது, அவள் போய்விட்டாள்.

ரோட்டுக்கு வந்து காந்திபுரம் பஸ்ஸில் ஏறினார். மூன்று பேர் உட்காருகிற சீட்டு. ஜன்னல் ஓரத்தை விட்டுவிட்டு நடுவில் உட்கார்ந்தார். குறிச்சி தாண்டுவதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார்.

"தனி ஆள்தானுங்களே? சித்தெ ஜன்னல்பக்கமாத் தள்ளி உக்காருங்க."

அப்போதுதான், அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. தள்ளி உட்கார்ந்தார்.